கூரை யாருடையது?

ஒரகடம் பக்கம் ஒரு காலனியில் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் வைத்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதைக் கணக்கிட வந்த ஐந்து பொறியியல் மாணவர்களோடு இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தேன்.

கணக்கு எளிது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம்.

ஆனால் இந்தக் கணக்கின் முதல் வரியிலேயே நம் சனங்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு டிவி உள்ள வீட்டுக்கு பில்லே வருவதில்லை. பில் இல்லாத வீட்டுக்கு என்ன மிச்சம் காட்டுவது? மாணவர்களின் எக்செல் தாளில் அந்த வீடுகள் 'லாபமில்லை' என்று விழுந்தன. ஏசி ஓடும் மாடி வீடுகள் மேலே வந்தன. மானியம் பொதுப்பணம், அது போய்ச் சேருவதோ கூரையும் பில்லும் உள்ளவரிடம்.

குழுவில் இன்னொரு சேரியிலிருந்து வந்த தங்கை ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் கூரையை அளந்துகொண்டிருக்க, அவள்தான் கேட்டாள்: "அண்ணா, இந்த வீட்டுக்கு பட்டா இருக்கா?" பல வீடுகளுக்கு இல்லை. மீட்டர் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது, மண் மட்டும் அவர்கள் பேரில் இல்லை. கம்பெனி வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்களுக்கோ மீட்டரும் இல்லை; யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கொடுக்கிறார்கள்.

இது புதிய கதை அல்ல. 2011-இல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடி வீட்டோடு சோலார் விளக்கும் தந்தது. அதற்கும் பட்டா கேட்டார்கள். இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு ஜில்லா. இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலமின்மை பற்றி எழுதிய அறிக்கையால்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இன்று அதே வட்டாரத்தில், பிள்ளைப்பாக்கத்தில், ஆண்டுக்கு 3.3 கிகாவாட் பேனல் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை நிற்கிறது. பேனல் நம் பக்கத்தில் தயாராகிறது. அதை வைக்கத்தான் நமக்கு இடமில்லை.

அந்தத் தங்கையின் கேள்வி ப்ராஜெக்டையே மாற்றியது. தனித்தனி வீட்டை விட்டுவிட்டு, சமுதாயக்கூடம், பள்ளிக்கூடம் போன்ற பொதுக்கூரைகளை அளந்தார்கள். ஓரிடத்துப் பேனலின் மின்சாரத்தைப் பல மீட்டர்களின் கணக்கில் பிரித்து வரவு வைக்கும் முறைக்கு டெல்லியில் 2019-இலேயே விதி வகுத்தார்கள். அப்படிச் செய்தால் கான்கிரீட் கூரை இல்லாத குடும்பமும் பங்குதாரர் ஆகலாம். இதை இங்கேயும் கேட்டு மனு தயாரிக்கும் வேலையில் மாணவர்களும் காலனி இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

தோழர்களே, நீங்களும் இப்படி ஒரு ப்ராஜெக்ட் எடுத்தால், சர்வே தாளில் கூரையின் அளவுக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இந்த மண் யார் பேரில் இருக்கிறது? 'இல்லை' என்ற பதில்களை நீக்கிவிடாதீர்கள். எண்ணுங்கள், பட்டியலிடுங்கள். பட்டா கேட்டு தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும்போது அந்தப் பட்டியல்தான் நம் ஆதாரம்.