தண்டவாளத்தில் நிற்கும் புள்ளி

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து இயற்பியல் வகுப்பில் சேர்ந்த நாங்கள் நால்வரும் முதலாண்டின் பாதிவரை வகுப்பில் வாய் திறந்தோமில்லை. ‘மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா’ என்று பேராசிரியர் நடத்தியதும், நிலைமத் திருப்புத்திறன் என்று நாங்கள் பள்ளியில் படித்ததும் ஒன்றே என அறியவே ஒரு மாதம் ஆயிற்று. சூத்திரங்களை மனனம் செய்து எழுதினோம், தேர்வில் தோற்றோம். எங்களுள் ஒருவன் படிப்பை விட்டுவிட்டு, குரோம்பேட்டையில் தன் மாமா நடத்திய மிதிவண்டிக் கடைக்கே போய்விடத் தீர்மானித்தான்.

அந்நாளில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடியது. 1931இல் தொடங்கிய அந்தச் சேவை 2004இல் விடைபெற்றது. ஒரு மாலை தாம்பரம் நடைமேடையில் எங்களைக் கண்ட பேராசிரியர், “கடற்கரையிலிருந்து இங்கு வரும் வண்டியில், வரும்போதே கடற்கரையை நோக்கிப் போகும் பகுதி ஏதேனும் உண்டா?” என்று தமிழில் கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

“சிரிக்க வேண்டாம். வழுக்காமல் உருளும் சக்கரத்தின் உச்சி வண்டியைப்போல் இருமடங்கு வேகத்தில் முன்னே செல்கிறது. தண்டவாளத்தைத் தொடும் புள்ளியோ அந்தக் கணத்தில் நிற்கிறது” என்றார்.

ஓடும் சக்கரத்தில் நிற்கும் புள்ளியா? எங்களால் ஏற்க இயலவில்லை. கடைக்குப் போகவிருந்தவன்தான் மெல்லச் சொன்னான்: “சரிதான் ஐயா. ஈர மண்ணில் சைக்கிள் ஓட்டினால் டயரின் பூ அப்படியே பதியும். பிரேக் பிடித்து இழுத்தால்தான் கலையும்.”

பேராசிரியர் அவன் தோளில் கைவைத்தார். “அப்படியானால், தண்டவாளத்துக்கும் கீழே இறங்கியிருக்கும் சக்கர விளிம்பு?” சற்று யோசித்து, “பின்னால் போகும்!” என்றான் அவன். வண்டி பாதையை விட்டு விலகாதபடி சக்கரத்தின் உட்பக்கத்தில் அமைந்த விளிம்பு அது. அதன் அடிமுனைதான் கடற்கரையை நோக்கிப் போகும் பகுதி.

அடுத்த ஞாயிறு, அந்த மிதிவண்டிக் கடையில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். இரும்பு வளையம், மரத்தட்டு, சக்கர அச்சில் இடும் எஃகுக் குண்டு மூன்றையும் ஒருசேர உருட்டினோம். கனத்த வளையம் வெல்லும் என்றிருந்தோம். அதுதான் கடைசியில் வந்தது. குண்டு முதலிலும், மரத்தட்டு அடுத்தும் வந்தன.

ஒவ்வொரு துகளின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டுவதே நிலைமத் திருப்புத்திறன். வளையத்தின் நிறை முழுதும் விளிம்பில் இருப்பதால், இறங்கும்போது பெறும் ஆற்றலில் பாதி சுழற்சிக்கே போய்விடுகிறது. தட்டுக்கு மூன்றில் ஒரு பங்கும், குண்டுக்கு ஏழில் இரு பங்கும் போகின்றன. இதில் எடைக்கும் அளவுக்கும் வேலையே இல்லை! இக்கணக்கை அன்று பலகையின் மேலேயே சுண்ணக்கட்டியால் போட்டவன் அவன்தான். மாமா பலகையைக் கழுவித் தரச் சொன்னார்.

அவன் கல்லூரியை விடவில்லை. ஞாயிறுதோறும் கடைக்குப் போனான், எங்களையும் அழைத்துக்கொண்டு.