பகுபத உறுப்புகளும் ஒரு பட்டப்படிப்பும்

ஐதராபாத்தில் 1998ஆம் ஆண்டு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று மாதாப்பூரின் சைபர் டவர்ஸ். மற்றொன்று கச்சிபௌலியின் ஐஐஐடி. தகவல் தொழில்நுட்பம் பயில இந்நகருக்கு வரும் மாணவர் பலர், கல்விக்கூடத்தை அலுவலகத்துக்குச் செல்லும் வழியாகவே காண்கின்றனர். கல்விக்கடன் பெற்றுப் படிப்போரை அதற்காகக் குறைகூற இயலாது.

எனினும் அந்த ஐஐஐடியில் வேறொரு வழியும் உண்டு. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டமும் கணினி மொழியியலில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டமும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பு அது. பாணினியின் காரகக் கோட்பாட்டைக் கொண்டு இந்திய மொழித் தொடர்களைக் கணினிக்குப் பகுத்துக்காட்டும் முயற்சி அங்கே வளர்ந்தது. வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் பங்கேற்று 1995இல் வெளிவந்த நூல் அதற்கு அடித்தளம். சங்கல் பின்னர் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து இந்நகருக்கு வந்த இளைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அண்ணா, இலக்கணம் படித்தால் வேலை கிடைக்குமா?"

விடையாக ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தேன்: 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்'. அவர் தயங்கவே இல்லை. வா என்னும் பகுதி, அது 'வ' எனக் குறுகிய விகாரம், இறந்தகால இடைநிலை, வினையாலணையும் பெயர், நான்காம் வேற்றுமை உருபு, இறுதியில் உம்மை என ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்தார். ஆங்கிலத்தில் ஒரு தொடராக விரியும் பொருளைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்குகிறது. அதைப் பகுக்கத் தெரியாத கருவி, அச்சொல்லைப் பொருளற்ற துண்டுகளாகவே வெட்டும்.

இதில் பொருளாதாரமும் உண்டு. 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். தமிழ்த்தரவு குறைவாகக் கொண்டு பழகிய மொழி மாதிரி, ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன்களைச் செலவிடுகிறது. டோக்கன் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் பெறும் சேவைகளில் அந்தச் சுமை தமிழில் எழுதுவோர் மீதே விழும்.

வேலை உறுதி என்று அம்மாணவருக்கு நான் கூறவில்லை. நிரல் எழுத எவரும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அச்சொல்லைப் பிரித்த அறிவு அவரிடம் முன்பே இருந்தது என்று மட்டும் கூறினேன். ஆங்கிலம் தடுமாறுவதால் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இத்தகையோரை, ஆசிரிய நண்பர்களே, ஒருமுறை கரும்பலகைக்கு அழைத்துப் பாருங்கள். இவ்வாண்டு சேரவிருக்கும் தம்பி தங்கையரே, பள்ளி இலக்கண நூலைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள்.