கோசுக்குக் கெடைச்ச பந்தி

முட்டைக்கோசுக்குச் சொந்த ஊர் ஐரோப்பா. அங்க அது ஏழைங்க சோறு. ருஷ்யக் குடியானவன் குளிர்காலம் பூரா கோஸ் சூப்பை வெச்சித்தான் உயிர் பொழைச்சான். ஜெர்மன்காரன் அதையே உப்பு போட்டுப் புளிக்கவெச்சித் தின்னான். 1949-இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல், தொடக்கத்திலேயே நம்மை ஒரு கட்டடத்துக்குள் கூட்டிப்போகிறது. நுழைந்ததும் அடிப்பது வெந்த கோஸ் நாத்தம். இல்லாதவன் வூட்டு வாசனை அங்க அதுதான்.

அப்பேர்ப்பட்ட காய் இங்க கப்பல்ல வந்து எறங்கினதும் தொரைமார் காயாயிடுச்சி. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இன்றும் அதைக் ‘கோவா’ என்கிறார்கள். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். 1819-இல் நீலகிரி ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். மடி அடுப்பு அதை லேசில் ஏத்துக்கல. தெவசச் சமையலில் இன்றைக்கும் கோஸ் கூடாது. பூரி ஜெகந்நாதர் கோயில் பிரசாதத்திலும் கூடாது. ஆனால் கல்யாணப் பந்தியில்? கோஸ் பொரியல் வைக்காத சமையக்காரன் எவன்?

நான் வேலை செய்யறது ஜவ்வாது மலையில. போளூர்லருந்து ஜமுனாமரத்தூர் வர்ற பஸ்ல கோஸ் மூட்டை ஏறி வருது. மலையிலருந்து கீழ எறங்கறது சாமை. பழங்குடி மக்கள் வானம் பாத்து வெளைச்ச சாமை. ஒரு காலத்தில் ‘மலைக்காரன் சோறு’ என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேலி பேசிய தானியம். 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. இப்போது பட்டணத்துக் கடைகளில் அதைப் பாக்கெட் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். மூட்டை கட்டிக்கினே ஒரு ஆயா எங்கிட்ட கேட்டுச்சி: “எங்க சாமைய வூட்டுக்குள்ள வுடறவன், எங்கள மட்டும் ஏம்பா திண்ணையோட நிறுத்திப் பேசறான்?”

எங்க வூட்ல கோஸ் தனியா வேகாது. மாட்டுக்கறி பாதி வெந்ததும் எங்கம்மா ஒரு முழு கோசை அரிஞ்சிப் போடும். கால் கிலோ கறி ஆறு பேருக்கு வரணுமே. பஞ்சம் பொழைக்க அமெரிக்கா போன அயர்லாந்துக்காரனும் நியூயார்க்ல இதே கணக்குதான் போட்டான்: உப்புல ஊறின மாட்டுக்கறி, கூடவே கோஸ். வந்தேறின்னு அவனை எளக்காரம் பண்ண ஊர்லயே, இன்னிக்கி மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாள்ல ஊரே அதைத் தின்னுது. அங்கே சோறும் மேலே வந்தது, தின்றவனும் மேலே வந்தான்.

இங்க? மலையடிவாரத்து ஊர் ஒண்ணுல வாடகைக்கு அறை கேட்டுப் போனேன். “இன்னா சாப்புடுவீங்க?”ன்னார் வூட்டுக்காரர். அவர் கேட்டது சாதி. “மாட்டுக்கறியில கோஸ் போட்டுச் சாப்புடுவோம்”னேன். நீட்டின சாவி திரும்பவும் அவர் சட்டைப் பைக்குள்ள போயிடுச்சி.

கடல் தாண்டி வந்த காய்க்கு இருநூறு வருஷத்துல பந்தியில எடம் கெடைச்சிடுச்சி. அதே காய் எங்க சட்டியில விழுந்தா திரும்பவும் தீட்டாவுது. அப்படின்னா தீட்டை எங்க தேடணும்? காயிலயா, சட்டி வெச்சிருக்கறவன் பொறப்பிலயா?

“எதுக்கு வம்பு, சைவம்னு சொல்லி எடம் புடிச்சிக்க” என்கிறார்கள் தோழர்கள் சிலர். சட்டியை மறைச்சிக் குடிபோற வூட்டுல, எங்கம்மா வந்தா அதை எங்க ஒளிச்சி வெக்கறது?