கையெழுத்துக்கு முன்னால்

பிளாக்செயின் நெட்வொர்க்குகளில் நிபுணர் குழு என்று ஒன்று இருக்கும். கவுன்சில் என்பார்கள், செக்யூரிட்டி கமிட்டி என்பார்கள், ஆலோசனைக் குழு என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை இதுதான்: வாக்குக்கு வரும் ப்ரொபோசலைப் படிக்க வேண்டும், அது சொல்வதைத்தான் செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்ததை வாக்களிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டும். அந்த எழுத்தைத்தான் நோட் என்போம். சில குழுக்களில் இதோடு கையெழுத்துச் சாவியும் நம் கையில் இருக்கும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டெல்லியிலும் நொய்டாவிலும் இருக்கிற பிள்ளைகள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம்.

வருவதற்கு முன் ஒரு நினைப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். குழுவில் இருப்பவர் முடிவெடுப்பவர் இல்லை. டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்குத்தான் முடிவு. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் கோடைப் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு நேரம் இருக்காது. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற புரோட்டோகாலில், கஜானாவையே காலி செய்கிற ப்ரொபோசல் ஒரு நாள் முழுக்க எல்லார் கண்ணெதிரிலும் கிடந்தது. மறுநாள் ஃபிளாஷ் லோனில், அதாவது ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கடனில், வாக்குகளைத் திரட்டி அதை நிறைவேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 18 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதைப் படித்துச் சொல்வது இன்னாருடைய வேலை என்று அங்கே வைத்திருக்கவில்லை.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் கான்ட்ராக்டுகளை எழுதும் சாலிடிட்டி மொழியில் ஒரு வரிகூட எழுதியவர் இல்லை. ஆர்.கே.புரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி அவர். தஞ்சாவூர்ப் பக்கம். எல்லாருக்கும் சார், எனக்கும் சார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கிகளில் காலிங் ஓவர் என்று ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் வவுச்சரைப் பார்த்து உரக்கச் சொல்வார், இன்னொருவர் லெட்ஜரில் டிக் அடித்துக்கொண்டே வருவார். சொல்கிறவர் லெட்ஜரைப் பார்க்கக் கூடாது, டிக் அடிக்கிறவர் வவுச்சரைப் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் கண் தானாகவே சமாதானம் ஆகிவிடும் என்பார் சார். நாங்கள் கால்டேட்டாவை இன்றும் இப்படித்தான் பார்க்கிறோம்.

கால்டேட்டா என்பது ப்ரொபோசல் நிறைவேறும்போது உண்மையில் ஓடப்போகிற எழுத்துச் சரம். சார் அதை நேரு ப்ளேஸில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்வார். முதல் நாலு பைட்டைத் தனியாகப் பிரித்துக் கோடு போடுவார். எந்தக் கட்டளை ஓடப்போகிறது என்று சொல்வது அந்த நாலு பைட். மீதியை 64 எழுத்துக்கு ஒரு வரியாக ஸ்கேல் வைத்து நறுக்குவார். ஒவ்வொரு வரியும் ஒரு விவரம்: யாருக்கு, எவ்வளவு என்று. பச்சை மையில் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போவார். ஏ9059சிபிபி என்று தொடங்கினால் டோக்கனை அனுப்பும் கட்டளை. 095இஏ7பி3 என்றால் வேறொருவர் எடுத்துக்கொள்ள அனுமதி தருவது. நாளாவட்டத்தில் இவை மனப்பாடம் ஆகிவிடும்.

"தம்பி, சுருக்கத்தைக் கடைசியில படிங்க" என்பார். ப்ரொபோசலோடு வரும் விளக்கவுரையைத்தான் சொல்கிறார். முதலில் கால்டேட்டாவைப் படித்து, இது இன்னது செய்கிறது என்று நம் கையால் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அப்புறம்தான் கொடுத்தவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பது. விளக்கத்தை முதலில் படித்தால் அதில் சொன்னதைத்தான் கோடிலும் பார்ப்போம்.

ஒரு தடவை எங்கள் நெட்வொர்க்கில் ஒரு குழுவுக்கு 2,50,000 டாய் (டாலர் மதிப்புள்ள ஒரு ஸ்டேபிள்காயின்) மானியம் தரும் ப்ரொபோசல் வந்தது. முகவரி சரி, கட்டளை சரி. தொகை இருந்த வரியைப் பார்த்து சார், "ஒல்லியா இருக்கே" என்றார். முன்னால் வரும் பூஜ்யங்களைத் தள்ளிவிட்டு எண்ணினால் ஹெக்ஸில் பத்து இலக்கம்தான் இருந்தது. டாய்க்கு 18 டெசிமல். அந்தத் தொகை இருபது இலக்கம் வர வேண்டும். தயாரித்தவர் யுஎஸ்டிசி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினின் பழக்கத்தில் 6 டெசிமல் போட்டிருக்கிறார். அப்படியே நிறைவேறியிருந்தால் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பது ஒரு பைசாவின் துணுக்குக்கும் கீழே. பணம் பறிபோகிற தவறு இல்லை. மறுபடி ப்ரொபோசல், மறுபடி வாக்கு, அதுவரை அவர்கள் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்பார்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னத் தவறுகளைப் பிடிப்பதுதான். ஹேக்கரைப் பிடிக்கும் ஆசையோடு வருபவர்கள் சீக்கிரம் சலித்துப் போய்விடுகிறார்கள்.

முகவரியைப் பார்க்கும்போது முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்ப்பது உலக வழக்கம். அதைத் தெரிந்துகொண்டே இரண்டு முனையும் பொருந்துகிற போலி முகவரிகளை உருவாக்குகிறார்கள். நாங்கள் நடுவிலிருந்து தொடங்குவோம்.

இன்னொரு கட்டம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேஃப் என்ற மல்டிசிக் (பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும்) வாலட்டில்தான் பெரும்பாலான குழுக்கள் கையெழுத்திடுகின்றன. அதில் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஆபரேஷன் என்று ஒரு கட்டம். 0 என்றால் நம் வாலட் வெளியே இருக்கும் ஒரு கான்ட்ராக்டைக் கூப்பிடுகிறது. அந்தக் கோட் அதன் சொந்த ஸ்டோரேஜில் வேலை செய்யும். 1 என்றால் டெலிகேட்கால்: வெளியார் கோடை நம் வீட்டுக்குள் அழைத்து நம் பீரோச் சாவியைக் கொடுப்பது. 2025 பிப்ரவரி 21-ல் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஈதர், ஏறத்தாழ 150 கோடி டாலர், போனது இந்த ஒற்றை இலக்கத்தில்தான். முதல் நாலு பைட் அதே ஏ9059சிபிபி. பார்த்தால் சாதாரண டோக்கன் அனுப்புதல். ஆபரேஷன் கட்டத்தில் 1. அனுப்புவது என்று பெயர் வைத்திருந்த அந்தக் கோட் வாலட்டின் மூளையையே மாற்றி எழுதியது. கையெழுத்துப் போட்டவர்கள் பார்த்த திரை நல்லதைத்தான் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 18-ல் நம் நாட்டு எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலர் போனபோதும், திரையில் தெரிந்த விவரமும் கையெழுத்தான விவரமும் வேறு வேறு என்று அந்த நிறுவனமே சொன்னது. எத்தனை கையெழுத்து வேண்டும் என்று விதி வைத்தாலும், எல்லாரும் ஒரே திரையை நம்பினால் அது ஒரே கையெழுத்துத்தான். அதனால் எங்கள் குழுவில் ஆளுக்கொரு கருவியில் டிகோட் செய்கிறோம். ஹார்ட்வேர் வாலட்டில் தெரியும் ஹேஷைத் தனியாகக் கணக்கிட்ட ஹேஷோடு, எழுத்தெழுத்தாக, ஒருவர் சொல்ல ஒருவர் டிக் அடித்து ஒப்பிடுகிறோம். ராத்திரிக் கூட்டங்களில் இது தூக்கம் வரவழைக்கும் வேலைதான்.

சிமுலேஷன் ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம் எந்த பிளாக்கில் ஓட்டினாய் என்று கேட்பேன். இன்றைய நிலையில் ஓடுவது, டைம்லாக் (வாக்குக்குப் பின் நிறைவேறும் வரை காத்திருக்கும் காலம்) முடிந்து நிறைவேறும் நாளிலும் அப்படியே ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டார்னடோ கேஷ் என்ற புரோட்டோகாலில் 2023 மே மாதம் நடந்தது இதற்குப் பாடம். முன்பு நிறைவேறிய ஒன்றைப் போலவேதான் இதுவும் என்று சொல்லி ஒரு ப்ரொபோசல் வந்தது. உண்மையில் அதில் ஒரு ஃபங்ஷன் கூடுதலாக இருந்தது: தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஃபங்ஷன். வாக்கு முடிந்ததும் அந்தக் கான்ட்ராக்டை அழித்து, அதே முகவரியில் வேறு கோடை வைத்து, தனக்கு 12 லட்சம் வாக்குகள் எழுதிக்கொண்டார் தாக்கியவர். நியாயமான வாக்குகள் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய 7 லட்சம்தான். "பழையது மாதிரிதான்" என்று ஒரு விளக்கம் சொன்னால், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து டிஃப் எடுக்காமல் நான் நோட் எழுதுவதில்லை.

குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்பது வேறு பேச்சு. கூட்டங்களில் மணிக்கணக்காகத் தத்துவம் பேசுவார்கள். எனக்கு அது இரண்டு சம்பவங்களில் அடங்கிவிடும்.

காம்பவுண்ட் என்ற கடன் புரோட்டோகாலில் 2021 செப்டம்பர் கடைசியில் 62-ஆம் ப்ரொபோசல் நிறைவேறியது. ‘பெரியது அல்லது சமம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பெரியது’ என்ற குறி. அவ்வளவுதான் பிசகு. அளவுக்கு மீறிய காம்ப் டோக்கன்கள் ஆட்களுக்குப் போகத் தொடங்கின. 2,80,000 வரை தவறிப்போகலாம் என்று நிறுவனர் ராபர்ட் லெஷ்னர் அறிவித்தார். தவறு அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த ஆளில்லை. எந்த மாற்றமும் ஏழு நாள் நடைமுறை வழியாகத்தான் போக வேண்டும். அதற்குள் ஒருவர், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று திறந்து கிடந்த ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இன்னும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட காம்பை அதே கான்ட்ராக்டுக்குள் கொட்டினார்.

மறுபக்கம் பாலிகான் நெட்வொர்க். டெல்லியில் வளர்ந்த சந்தீப் நைல்வால், ஜெயந்தி கனானி, அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017-ல் மேட்டிக் என்று தொடங்கியது. 2021 டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு நல்லெண்ண ஹேக்கர் ஓட்டை ஒன்றைச் சொன்னார். மொத்தம் 1,000 கோடி மேட்டிக் டோக்கனில் 920 கோடிக்கு மேல் அந்த ஓட்டையால் ஆபத்தில் இருந்தது. 5-ஆம் தேதி சத்தமில்லாமல் ஹார்ட்ஃபோர்க் செய்து, அதாவது நெட்வொர்க்கின் விதியையே மாற்றி, அடைத்துவிட்டார்கள். அதற்குள் 8,01,601 மேட்டிக் திருடு போயிருந்தது. வெளியே சொன்னது 29-ஆம் தேதி. அடைத்த வேகத்தைப் பாராட்டியவர்களே, யார் முடிவெடுத்தது, எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயம்.

2023 அக்டோபரில் பாலிகான் 13 பேர் கொண்ட புரோட்டோகால் கவுன்சிலை அறிவித்தது. ஈதீரியத்தில் இருக்கும் அதன் முக்கியக் கான்ட்ராக்டுகளில் வழக்கமான மாற்றத்துக்கு 7 கையெழுத்து, அதன்மேல் 10 நாள் டைம்லாக். அவசரம் என்றால் டைம்லாக் கிடையாது, ஆனால் 10 கையெழுத்து. ஆர்பிட்ரம் நெட்வொர்க்கில் 12 பேர், அவசரத்துக்கு 9. ஒவ்வொரு தேர்தலிலும் பாதிப் பேர் மாறுவார்கள் அல்லது மறுபடி தேர்வாவார்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு விவாதிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த 10 நாள்தான் இதில் விலையுயர்ந்தது. எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து படிக்கிற நாள் அது. பிடிக்காதவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நாளும் அதுவே.

டெல்லியில் பிளாக்செயின் என்றால் அரசு ஆட்கள் நினைப்பது வேறு. மின்னணு அமைச்சகம் 2024 செப்டம்பர் 4 அன்று ‘விஸ்வஸ்யா’வை வெளியிட்டது, புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் மையங்களிலிருந்து ஓடும் அனுமதிபெற்ற நெட்வொர்க். தமிழ்நாடு அரசின் ‘நம்பிக்கை இணையம்’ மாதிரி. அங்கே வாக்கும் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை. அதே செப்டம்பர் 4 அன்றுதான் மேட்டிக் டோக்கன் பால் (POL) டோக்கனாக மாறும் வேலையும் தொடங்கியது. அன்று என்னிடம் வாழ்த்துச் சொன்ன ஒரு செயலக நண்பர் எதற்குச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெரிய பெயர்களைக் குழுவில் போடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016-ல் ‘தி டாவ்’ என்ற முதல் பெரிய முயற்சியில் க்யூரேட்டர்கள் என்று ஒரு குழு இருந்தது. விட்டாலிக் புட்டெரின் உட்பட ஈதீரியத்தின் பெரிய தலைகள். அவர்கள் வேலை, எந்த முகவரிக்குப் பணம் போகலாம் என்று பட்டியலில் சேர்ப்பது மட்டும். ஜனங்களோ இத்தனை பெரியவர்கள் இருப்பதால் கோடும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். க்யூரேட்டர்களில் ஒருவரான விளாட் ஸம்ஃபீர் இன்னும் இருவரோடு சேர்ந்து, மே 27 அன்று, குறைகளைச் சரிசெய்யும் வரை எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள் என்று எழுதினார். எழுதினாரே தவிர, அந்த எச்சரிக்கையை வாங்கி நிறுத்திவைக்க அங்கே பொத்தான் எதுவும் இல்லை. ஜூன் 17-ல் 36 லட்சம் ஈதர் போனது. அதை மீட்க ஜூலை 20-ல் ஹார்ட்ஃபோர்க், அதில் சமூகமே இரண்டானது.

அதனால்தான் எங்கள் நோட்டில் மூன்று விஷயம் கட்டாயம். இது என்ன செய்கிறது. செய்தபின் எதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் எதைப் பார்க்கவில்லை. மூன்றாவதை எழுதப் புதியவர்களுக்குக் கை வராது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம். ஆனால் நம் பெயரைப் பார்த்து மற்றவர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லும் இடம் அது ஒன்றுதான். ஒரு பையன் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தான், ஓரங்களில் வரைபடமெல்லாம் போட்டு. சார் முழுக்கப் படித்தார். கடைசியில், "நான் டோக்கன் வெச்சிருக்கிறவன், எனக்கு நாளைக்கு ஓட்டு. இதுல எந்த வரி எனக்கு?" என்று கேட்டார். அவன் தேடிப் பார்த்து, ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினான். அந்த வரியை மேலே கொண்டுவந்து மற்றதை இணைப்பாகப் போட்டார்கள். இப்போது அவன் என்னைவிட நன்றாக எழுதுகிறான்.

கூலி பற்றியும் கேட்கிறார்கள். மாதச் சம்பளமாக, ஸ்டேபிள்காயினில் கேளுங்கள். ப்ரொபோசல் நிறைவேறினால்தான் காசு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நெட்வொர்க்கின் டோக்கன் கையில் இருந்தால் எவ்வளவு என்று நோட்டின் அடியில் எழுதுங்கள். 30 சதவீத வரி, 1 சதவீத டிடிஎஸ் எல்லாம் எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை அதில் இழுக்காதீர்கள்.

என் பதவிக்காலம் முடிந்தபோது என் சாவியை நீக்கும் பரிவர்த்தனையும் ஒரு ப்ரொபோசலாகத்தான் வந்தது. சேஃபில் உரிமையாளர்கள் பட்டியல் சங்கிலியாக இருக்கும். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் அவருக்கு முந்தைய கண்ணி யார் என்றும் சொல்ல வேண்டும். எடுத்தபின் எத்தனை கையெழுத்து போதும் என்பதையும் அதே கட்டளையில் எழுத வேண்டும். சார் வீட்டில் பிரிண்ட் எடுத்து உட்கார்ந்தோம். அவர் சொல்ல, நான் டிக் அடித்தேன். கையெழுத்து எண்ணிக்கை சரி. முந்தைய கண்ணியாக இருந்த முகவரி பழையது; அந்த உறுப்பினரும் இடையில் மாறிவிட்டார். ஓட்டினால் பரிவர்த்தனை தோற்றுப்போயிருக்கும். திருப்பி அனுப்பினோம். திருத்தி, மறுபடி டைம்லாக்கில் போட்டு வர நாளானது. அதுவரை பட்டியலில் என் சாவியும் இருந்தது, அந்த நாட்களில் வந்த ப்ரொபோசல்களுக்கும் நோட் எழுதிக்கொண்டிருந்தேன்.