ஒரு பழைய காரும் ஒரு பழைய கடனும்

நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றுக் கரைக்குச் சற்றுத் தள்ளி, நம் பூர்வீக வீட்டின் பின்புறம் ஓர் ஓட்டுக் கொட்டகை உண்டு. 1986-ஆம் ஆண்டில் அதன் கதவு மூடப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது.

மூடியவர் யார், திறந்தவர் யார் என்பதை மேற்கண்ட இரு வாக்கியங்களும் சொல்லவில்லை. அரபு இலக்கணத்தில் இத்தகைய வினையை 'மஜ்ஹூல்' என்பர். கருத்தா அறியப்படாத வினை என்பது பொருள். கருத்தாவை ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு இலக்கண ஆசிரியர்கள் பல காரணங்கள் கூறுவர். அவரைத் தெரியாமலிருக்கலாம், அவர் எல்லாருக்கும் தெரிந்தவராய் இருக்கலாம், சொல்ல அஞ்சியும் மறைக்கலாம். முப்பது ஆண்டுகளாக மத்ரஸா மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தி வரும் நாம், அந்த மூன்றாவது காரணத்தை நம் சொந்த வாழ்விலேயே முப்பத்தேழு ஆண்டுகள் கடைப்பிடித்து வந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கொட்டகைக்குள் இருந்தது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். 1965-ஆம் ஆண்டு வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இக்காருக்கு உருவம் வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அது சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனியாரால் செய்யப்பட்டது. அம்பாசிடரும் பியட்டும் அன்றி வேறு கார்களை அதிகம் காணாத அந்நாளில், தமிழ்நாட்டு மண்ணில் உருவான வண்டி என்று நம் மக்கள் அதனைப் பெருமையுடன் பார்த்தார்கள். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். புதுச்சேரியின் முல்லா வீதி, காஜியார் வீதி போன்ற தெருக்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். ஜவுளி வியாபாரம் செய்துவந்த நம் மர்ஹூம் வாப்பா அதனை 1976-இல் இரண்டாம் கையாக வாங்கினார்கள்.

காரைக்கால் வழிவந்த நம் குடும்பத்தில் மூத்த சகோதரரை 'நானா' என்று அழைப்பது வழக்கம். நம் நானாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, நமக்குப் பதினாறு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், கார்ப் பந்தயங்கள் நடந்துவந்த காலம் அது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் திறக்கப்படும் வரை, தென்னாட்டு இளைஞர்களுக்கு வேகம் என்றால் சோழவரம்தான். வீட்டுக் கார்களையே பிரித்து மாற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கே பலர். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். 1930-களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய போர்டு கார்களின் தேவையற்ற தகரங்களைக் கழற்றி எறிந்து, பொறியை முடுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்த கலை அது.

சோழவரம் போய்வந்த நானாவின் கை சும்மா இருக்கவில்லை. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினில் ஹெட்டை இழைத்துக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். பின் இருக்கையைக் கழற்றினார், சைலன்சரை எடுத்தார், சாம்பல் நிற வண்டிக்குச் சிவப்புச் சாயம் பூசினார். வாப்பா முகம் சுளித்தார்கள், ஆனால் தடுக்கவில்லை.

விடுமுறையில் மத்ரஸாவிலிருந்து வந்திருந்த நம்மை ஓரிரவு நானா அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூர்ச் சாலையில் சென்றார். அவர் நிதானமாகத்தான் ஓட்டினார். "இன்னும் வேகமா நானா, இன்னும் வேகமா" என்று தூண்டியது நாம். தவளக்குப்பம் தாண்டி ஒரு வளைவில் வண்டி நுழைந்தபோது, நமக்கே அச்சம் மேலிட்டு, "நிறுத்து!" என்று அலறி அவர் கையைப் பற்றினோம். அவர் திடுக்கிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். மறுகணம் வண்டி வயலில் தலைகீழாய்க் கிடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. நம் இடக்கை முறிந்தது.

"சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியா ஓட்டுவது?" என்று வாப்பா கேட்டபோது நானா வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் தள்ளிக் கதவை மூடினார்கள் வாப்பா. அவ்வாண்டே நானா துபாய் சென்றார். மாதந்தோறும் பணம் வந்தது. வாப்பாவிடமிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. 1999-இல் வாப்பா மௌத்தாகும் வரை அந்த மனத்தாங்கல் நீங்கவேயில்லை. "வண்டி கவிழ்ந்துவிட்டது" என்றே நாம் எல்லாரிடமும் சொல்லி வந்தோம். அந்த வாக்கியத்தில் நமக்கு இடமே இல்லை.

2023-இல் நானா ஊர் திரும்பினார். வயது அறுபது. முதல் வாரத்திலேயே, "தம்பி, கொட்டகைச் சாவி யாரிடம்?" என்று கேட்டார்.

பராயிள் பாடம் நடத்தும் நமக்கு அப்போதுதான் இன்னொரு வெட்கம் உறைத்தது. உம்மா முன்பே காலமாகிவிட்டதால், வாப்பாவின் சொத்து இரு மகன்கள், ஒரு மகள் என்ற கணக்கில் ஐந்து பங்காக வேண்டும். நமக்கிரண்டு, நானாவுக்கிரண்டு, தங்கைக்கு ஒன்று. வீட்டையும் கடையையும் முறையாகப் பிரித்தோம். காரை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இரவையும் எடுக்க வேண்டும் அல்லவா? இப்போது தங்கையிடம் சென்று சம்மதம் கேட்டோம். "என் பங்கை நான் விட்டுக் கொடுக்கவில்லை, ஓட்டிக் காட்டுங்கள்" என்றாள் அவள்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போன்றதன்று. மட்கார்டுகளோடு சேர்ந்து முழுமையாக முன்பக்கம் சாய்ந்துவிடும். அவர் முன் டயரின் மேலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்த்தார். "ஹஜ்ரத், எஞ்சின் கிடக்கட்டும். முதலில் பிரேக். ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்க வேண்டும்" என்றார். நம் மாணவர்களுக்கும் சொல்லத்தக்க பாடம்.

முகத்துவாரத்து உப்புக் காற்று அதன் வேலையைச் செய்திருந்தது. இக்காரில் கூடு வேறு, அடிச்சட்டம் வேறு. போல்ட்டுகளைக் கழற்றினால் கூட்டைத் தனியே தூக்கிவிடலாம். ஆகவே பெரிய பட்டறை இன்றி வீட்டிலேயே செய்ய முடிந்தது. எட்டுப் பேர் சேர்ந்து கூட்டைத் தூக்கி மரக்கட்டைகளின் மேல் வைத்தோம். சட்டத்தின் முதுகெலும்பு உறுதியாய் இருந்தது; பக்கவாட்டில் கூட்டைத் தாங்கும் கைகள் துருவேறி விரலால் குத்தினால் உதிர்ந்தன. அவற்றை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகியிருந்தன. பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டு, கைப்பிடியால் சிறுகச் சிறுக அசைத்தார் மேஸ்திரி. பதினோராம் நாள் 'க்ளக்' என்று ஓர் ஓசை. அரை வட்டம் சுழன்றது.

எரிபொருளும் மாறிவிட்டிருந்தது. அந்நாளைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வுகளின் இருக்கைகளைத் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே கிடைக்கிறது. எனவே லேத் பட்டறையில் கடினமான இரும்பில் புதிய இருக்கைகள் செய்து பொருத்தினோம். 2023-இல் அறிமுகமாகி 2025-க்குள் எங்கும் பரவிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ, பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். பெட்ரோல் குழாய்கள், பம்பின் சவ்வு அனைத்தையும் மாற்றினோம். நெடுநாள் நிறுத்துவதானால் டாங்கியை வடித்துவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்டிப்பு.

அடுத்து ஒரு வழக்கு எழுந்தது. இரட்டைக் கார்புரேட்டர் இருக்கட்டும் என்றார் நானா. சட்டம் இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அடிச்சட்டம், கூடு, எஞ்சின் இவற்றில் பெருமாற்றம் இருத்தல் கூடாது. அன்றாடப் பயணத்துக்கும் அவ்வண்டியைப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே சாலையில் இறங்கலாம். நானா நெடுநேரம் சும்மா இருந்தார். பின்னர் தாமே சென்னை புதுப்பேட்டைக்குச் சென்று, பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்து, இழைக்காத ஹெட் ஒன்றையும் ஒற்றைக் கார்புரேட்டரையும் வாங்கி வந்தார்.

ஒருநாள் மேஸ்திரி பின்சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நமக்கு ஒன்றை விளக்கினார். இக்காரின் பின் அச்சு ஒரே தண்டு அன்று. நடுவிலிருந்து இரு பாதிகளாய்க் கீலில் தொங்குபவை. வேகமாக வளையும்போது திடீரென்று காலை எடுத்தால், பாரம் முன்னே சாயும், பின்புறம் மேலெழும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பிடிமானத்தை இழக்கும். "வளைவில் காலை எடுத்தால்தான் ஹஜ்ரத் இது கவிழும். காலை எடுக்காமல் வளைத்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்" என்றார் அவர், எதையும் அறியாதவராய்.

நமக்கு முறிந்த கை மீண்டும் வலித்தது. நானாவைக் காலை எடுக்கச் செய்த அலறல் நம்முடையது. அரபு இலக்கணத்தில் கருத்தா மறைந்தால், அவருடைய இடத்தில் செயப்படுபொருள் வந்து அமரும். அதற்கு 'நாயிபுல் ஃபாயில்', அதாவது கருத்தாவின் பிரதிநிதி என்று பெயர். முப்பத்தேழு ஆண்டுகளாக நம் இடத்தில் நானா அமர்ந்திருந்தார்.

அன்று மாலை மஃரிபுக்குப் பின் அவரிடம் அனைத்தையும் சொன்னோம். தூண்டியதையும், அலறியதையும், வாப்பாவின் முன் வாய்மூடி நின்றதையும். அவர் பதில் கூறாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பாராமலே சொன்னார்: "வாய் உன்னுடையது தம்பி, கால் என்னுடையது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாப்பாவிடம் நீ ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர்கள் எனக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பார்கள்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவு நமக்கும் இல்லை. "அந்த ஒன்பதாம் நம்பரை எடு" என்றார், எடுத்துக் கொடுத்தோம்.

பழுதுபார்த்தலை அரபியில் 'இஸ்லாஹ்' என்பர். பிணங்கிய இருவரை இணக்குதலுக்கும் அதே சொல்தான். சமாதான உடன்படிக்கையைக் குறிக்கும் 'ஸுல்ஹ்' என்பதும் அதே வேரில் பிறந்தது. இவ்வேர்ச்சொல்லைப் பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். துருப்பிடித்த போல்ட்டைப் போல அதுவும் சிறுகச் சிறுகத்தான் அசையும் என்பதை இக்கொட்டகையில்தான் கற்றோம்.

பதினான்கு மாதங்களுக்குப் பின், முறைப்படி பதிவு பெற்று, சாம்பல் நிறத்துக்கே திரும்பிய ஹெரால்டு சாலைக்கு வந்தது. பெட்ரோல் போடுவதற்காக அரியாங்குப்பம் வரை செல்வதென்று முடிவாயிற்று. தங்கை பின் இருக்கையில் ஏறித் தன் பங்கைப் பெற்றுக்கொண்டாள். நாம் நானாவின் பக்கத்தில் அமர்ந்தோம். கடலூர்ச் சாலையின் போக்குவரத்தில் லாரிகளும் பேருந்துகளும் நம்மை முந்திச் சென்றன. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை நானா. ஒரு வளைவு வந்தது. நம்மையறியாமல் கைகள் இறுகின. அவர் அதனைப் பார்த்துவிட்டார்.

"பயமா தம்பி?" என்றார்.

"ஆம், நானா" என்றோம். இம்முறை கருத்தாவை மறைக்கவில்லை.

அவர் காலை எடுக்காமல், அதே வேகத்தில், வளைவைக் கடந்தார்.