மூளைக்கு எவ்வளவு?

அறுபதாயிரம் ரூபாய். வளையல் வாங்க நினைத்து அம்மா கட்டிவந்த சீட்டுப் பணம் அது. பிளஸ் 2வில் நல்ல மார்க் வாங்கினால் புது கம்ப்யூட்டர் என்று எப்போதோ ஒரு பலவீனமான நேரத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். 2023ஆம் வருடம் மே மாதம் ரிசல்ட் வந்தது. பையன் வாங்கிவிட்டான். தில்லி ஆர்.கே.புரத்தின் அந்த அரசுக் குடியிருப்பில் வாக்கு மீறும் வழக்கம் இல்லை. "காலேஜுக்கு உதவும்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். விளையாடுவதற்குத்தான் என்பது வீட்டில் மூவருக்குமே தெரியும்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை: "பிராசஸர்தான்டா மூளை. அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது." ஒரு சனிக்கிழமை தந்தையும் மகனும் மெட்ரோவில் கிளம்பி, கல்காஜி மந்திரில் வண்டி மாறி, நேரு பிளேஸில் இறங்கினார்கள்.

கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே கொள்கையைப் படித்துவிட்டார். ஐ7 12700 பிராசஸர், 12 கோர்கள், விலை 30,000 ரூபாயை ஒட்டி. அதைத் தாங்கும் மதர்போர்டுக்கு 12,000. ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 15,000. கொட்டேஷன் 57,000 ரூபாயில் நின்றது. அப்பாவுக்குத் திருப்தி.

"கிராபிக்ஸ் கார்டு?" என்று கேட்டான் மகன்.

"பிராசஸருக்குள்ளேயே படம் காட்டும் வசதி இருக்கிறது, பேட்டா. கார்டைப் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர்.

பணம் எண்ணப்படவில்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி இருவரும் வெளியே வந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருக்க, கொட்டேஷனின் பின்பக்கத்தில் மகன் எழுத ஆரம்பித்தான். விளையாட்டின் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வேலைகள் உண்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது, கதவு திறந்ததா என்று கணக்குப் போட்டுச் சொல்வது பிராசஸர். அந்தக் கணக்கை வாங்கி ஒளியும் நிழலுமாக வரைந்து திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. இருவரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் விளையாட்டின் வேகம். நூறு பந்திக்குச் சமைக்கத் தெரிந்த சமையல்காரர் இருந்தும், பரிமாற ஒரே ஆள் என்றால் பந்தி நகராது.

வீட்டில் இருப்பது 2020இல் ஊரடங்கின்போது அப்பா ஆபீஸ் வேலைக்காக வாங்கிய 24 அங்குல மானிட்டர். வினாடிக்கு 60 முறைதான் அது படத்தை மாற்றும். ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் கணக்கை முடிக்க 12 கோர்கள் வேண்டாம்; நல்ல 6 கோர்களே தாராளம். 144 முறை மாற்றும் திரையை வைத்துக்கொண்டு, போட்டி விளையாட்டுகளை மட்டுமே ஆடுகிறவர் என்றால் பிராசஸருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. வீடியோ எடிட்டிங் தொழில் என்றாலும் அப்படித்தான். "எனக்கு அந்த ரெண்டும் இல்லைப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் 1998க்குப் போயிருந்தார். கரோல் பாக்கில் வாடகை அறை, கல்யாணமாகாத காலம், ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த பணம். அப்போதும் பெயர் பெற்ற பிராசஸர்தான் வேண்டும் என்று நின்று, பென்டியம் 2 வாங்கினார். அதில் பணம் கரைந்ததால் ரேம் 16 எம்.பி.யோடு நின்றது. முப்பரிமாணப் படங்களுக்கென்று அந்த நாட்களில் தனியாக விற்ற வூடூ கார்டை 'பிறகு' வாங்குவதாகத் திட்டம். அறை நண்பர்கள் கூடிய முதல் ஞாயிற்றுக்கிழமை குவேக் 2 போட்டார்கள். மொத்தப் படத்தையும் பிராசஸரே வரைய வேண்டியிருந்தது. ரேம் போதாமல் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தது. நண்பர்கள் மரியாதைக்குச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு தங்கை கல்யாணம் வந்தது. பிறகு அவர் கல்யாணம். வூடூ கார்டு வரவே இல்லை.

"பிறகுன்னு எதையும் வைக்காதே" என்றார் திடீரென்று. "இன்னிக்கே முழுசா இருக்கணும். நீ சொல்லு, எது?"

மகனின் பட்டியலில் மூன்று பெயர்கள். 4 கோர் ஐ3 12100எஃப் மலிவு. ஆனால் அடுத்த சில வருடங்களின் விளையாட்டுகளுக்கு மூச்சு முட்டலாம். ரைசன் 5 7600 புதியது, வேகமானது. அதற்கான ஏ.எம்.5 மதர்போர்டில் பின்னாளில் வரும் பிராசஸர்களையும் பொருத்தலாம். ஆனால் அது டி.டி.ஆர். 5 ரேமை மட்டுமே ஏற்கும். போர்டு, ரேம் இரண்டிலும் விலை ஏறி, கார்டுக்கான பணத்தைத் தின்றுவிடும். நடுவில் இருந்தது ரைசன் 5 5600. 2022இல் வந்தது, 6 கோர்கள், 12 திரெட்கள், 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். தனியே வாங்க வேண்டாம். அதன் ஏ.எம்.4 குடும்பம் அந்திமக் காலத்தில் இருந்தது உண்மை. ஆனாலும் தேவைப்பட்டால் அதே போர்டில் 8 கோர் 5800எக்ஸ்3டி-யைப் பொருத்தலாம்.

வேறு கடை. பிராசஸர் 12,000, பி550 மதர்போர்டு 9,000, ரேம் 16 ஜி.பி. 3,500, எஸ்.எஸ்.டி. 4,000, தரமான எஸ்.எம்.பி.எஸ். 4,000, கேபினட் 3,000, 8 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு 21,500. மொத்தம் 57,000. முதல் கடையின் அதே தொகைதான். வந்த பொருள்தான் வேறு. மகன் இரண்டு விஷயங்களில் விடாப்பிடியாக நின்றான். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ஒவ்வொரு பொருளுக்கும் பில். வாரண்டிக்கு அதுதான் சாட்சி. மதர்போர்டின் பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசஸரை அடையாளம் காணாது என்பதால், கடையிலேயே அசெம்பிள் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடியது.

அன்றைய விலைகள் இன்று இல்லை. பிராசஸர் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கொட்டேஷனின் பின்பக்கத்தில் எழுதிய வரிசை மட்டும் மாறவில்லை. முதலில் என்ன விளையாட்டு, பிறகு எந்தத் திரை, அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டைக் காக்க வைக்காத பிராசஸர்.

மீதி 3,000 ரூபாயை மகன் அம்மாவிடம் கொடுத்தான். "வளையலுக்கு இதிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் அவர். சிரித்தாரா என்பது தெரியவில்லை. அடுத்த மாதமே புதிய சீட்டில் சேர்ந்தார்.

அந்த ஆகஸ்டில் குவேக் 2 புதுப்பிக்கப்பட்ட வடிவில் வெளிவந்தது. மகன் அதை வாங்கிப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான். ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். இரவு பதினொரு மணிக்கு அம்மா விளக்கை அணைக்கச் சொன்னபோது, எழுந்திருக்காதவர் மகன் அல்ல.