முதல் அஞ்சு பேர்

நம்ம பாலிடெக்னிக் பாஸ்கெட்பால் டீமில் மூணு வருஷமும் நான் பெஞ்சுதான். (என் ஆட்டம் அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது!) அதனாலேயோ என்னவோ, ஒரு அமெரிக்க மேட்ச் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கிய நெய்ஸ்மித், கனடாவில் பிறந்தவர். அமெரிக்கர்கள் அதை ‘எங்க ஆட்டம்’ ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த ‘எங்க’வில் கறுப்பினத்தவருக்கு இடம் உண்டா? என்.பி.ஏ.வில் அவர்கள் கால் வைத்ததே 1950-ல்தான்.

1966 மார்ச் 19, கல்லூரிகளுக்கான தேசிய இறுதி ஆட்டம். கென்டக்கி டீமில் அத்தனை பேரும் வெள்ளையர். எதிரே டெக்சாஸ் வெஸ்டர்ன். அதன் கோச் டான் ஹாஸ்கின்ஸ் முதல் அஞ்சு பேராக இறக்கியது அஞ்சு கறுப்பின மாணவர்களை! இறுதி ஆட்டத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. 72-65, ஜெயிச்சுட்டாங்க. கென்டக்கியே 1969-ல் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது.

அன்றைக்கு டெக்சாஸ் வெஸ்டர்ன் சார்பில் ஆடிய ஏழு பேருமே கறுப்பினத்தவர். டீமில் இருந்த மற்ற அஞ்சு பேரும் கடைசிவரை பெஞ்சில். என் கண் என்னவோ அவங்க மேலேயும் போகுது. கோப்பை அவங்களுக்கும்தானே!